நான்கு தாமஸ், மூன்று ஆபிரகாம், இரண்டு நான்சி: லிங்கன் குடும்பக் கொடிவழி பிரிக்கப்பட்ட விதம்

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தன் வாழ்க்கைக் குறிப்பைச் சில பக்கங்களில் எழுதி ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பரிடம் கொடுத்தார். தந்தைவழிப் பாட்டனார் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான் என்றும், அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்குப் போனவர் என்றும், முன்னோர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டிக்காரர்கள் என்றும் அதில் இருக்கிறது. அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இதே குடும்பப் பெயரோடு வாழ்ந்தவர்களுடன் தொடர்பு உண்டா என்று தேடிப் பார்த்ததில், ஈனாக், லீவை, மொர்டெகாய், சாலமன், ஆபிரகாம் ஆகிய பெயர்கள் இரண்டு பக்கமும் புழங்குகின்றன என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

அவர் கையில் இருந்தது சரியான துப்பு. ஆனால் துப்பு ஆதாரமாகிவிடாது. அந்த வேறுபாட்டைத் தெரிந்து அங்கேயே நிறுத்திக்கொண்டார் லிங்கன். இன்று இணையத்தில் குடும்ப மரம் போடுகிறவர்களில் பலர் பெயரும் பிறந்த ஆண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் பொத்தானை அழுத்தி இருவரை ஒருவராக்கிவிடுகிறார்கள். அவருடைய இந்த ஒரு வரியில் இருக்கும் நிதானம் அங்கே இல்லை.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 'பேரன்' என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்கும் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தாவது முன்னால் நிற்கும். 1800-க்கு முந்தைய அமெரிக்காவில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. நடுப்பெயர் வைத்துக்கொண்டவர்களே அரிது. குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. சாமுவேல் லிங்கனுக்கு 1655-இல் பிறந்த மொர்டெகாய் சிறு வயதிலேயே இறந்துபோக, 1657-இல் பிறந்த மகனும் மொர்டெகாய் ஆனான். முதல் ஞானஸ்நானப் பதிவை மட்டும் பார்த்து ஆண்டைக் குறித்துக்கொள்பவர் இறந்த குழந்தைக்கு வம்சம் எழுதிக்கொண்டிருப்பார்.

ஹிங்ஹாமில் தொழிலே முதலெழுத்து

மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊர் 1635-இல் அமைந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள அதே பெயர்கொண்ட ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கே நிறையப் பேர். முதல் குடியேறிகளில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். அந்தக் காலத்து ஊர் எழுத்தரே இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி வைத்திருந்தார்: நெசவாளர் தாமஸ், மாவு ஆலை தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், குடியானவர் தாமஸ். பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் தொழிலை அலங்காரச் சொல் என்று நினைத்து விட்டுவிடும்போதெல்லாம் நால்வரும் ஒருவராகக் குழைந்துபோனார்கள். மூலத்தின் படத்தைப் பாருங்கள், அச்சிட்ட சுருக்கத்தை நம்பாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஜனாதிபதியின் வம்சம் இந்த நால்வரில் யாரிடமிருந்தும் வரவில்லை. 1637-இல் நார்விச் நெசவாளர் ஃபிரான்சிஸ் லாஸிடம் தொழில் பழகும் இளைஞனாகக் கப்பலேறிய சாமுவேல் லிங்கன்தான் முதல்வர். நெசவாளர் தாமஸ் அவருக்கு அண்ணன். அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி பெஞ்சமின் லிங்கனும் ஹிங்ஹாம்காரர்தான். ஆனால் அவர் பீப்பாய் தாமஸின் வழியில் வந்தவர். கென்டக்கியிலுள்ள லிங்கன் கவுன்டிக்கு வைக்கப்பட்டது அந்தத் தளபதியின் பெயர். ஜனாதிபதியின் குடும்பம் கென்டக்கியில் வாழ்ந்தது என்பதற்கு அந்தப் பெயரை யாராவது சான்றாகக் காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

தொழில் என்ற அடையாளத்துக்கும் ஆயுள் உண்டு. சாமுவேலின் மகன் மொர்டெகாய் (1657–1727) கொல்லர். அவர் மகன் மொர்டெகாய் (1686–1736) இரும்பு வேலைக்காரர். இன்னொரு மகன் ஆபிரகாமும் (1688–1745) கொல்லர். பெயரும் தொழிலும் தந்தைக்கும் மகனுக்கும் ஒன்றாகிவிட்டால் வேறு பிடி வேண்டும். இங்கே அது இடமும் மனைவியும். தந்தை மாசசூசெட்ஸை விட்டு நகரவில்லை. மகன் நியூ ஜெர்சியின் மான்மவுத் கவுன்டிக்குப் போய் ஹன்னா சால்டரை மணந்தார்.

இதே கட்டத்தில் 'மூத்தவர்', 'இளையவர்' என்ற ஒட்டுகளும் ஆளை ஏமாற்றும். 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் அவை தந்தையும் மகனும் என்றே எப்போதும் பொருள்படுவதில்லை. ஓர் ஊரில் அந்தப் பெயருள்ள இருவரில் வயதில் பெரியவர் மூத்தவர், அவ்வளவுதான். பெரியப்பாவும் தம்பி மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நேற்றுவரை இளையவராக இருந்தவர் மூத்தவர் ஆகிவிடுவார். ஆகவே அந்த ஒட்டை ஆளோடு சேர்த்து எழுதாமல் தேதியோடு சேர்த்து எழுத வேண்டும்.

முடிச்சை அவிழ்த்த 300 ஏக்கர்

நியூ ஜெர்சி மொர்டெகாயின் மகள் டெபோரா 1720-இல் மூன்று வயதில் இறந்தாள். அவளது கல்லறைக் கல்லில் குடும்பப் பெயர் (Lincoln) இரண்டாவது எல் எழுத்து இல்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து பேச்சில் ஒலிக்காது. காதில் விழுந்ததை எழுதும் எழுத்தர்கள் லிங்கன், லிங்கான், லிங்க்ஹார்ன் என்று மனம்போன போக்கில் எழுதினார்கள். தேடும்போது ஒலியை வைத்துத் தேட வேண்டும். எழுத்துக்கூட்டல் மாறியிருப்பதால் வேறு ஆள் என்று தள்ளுவது எவ்வளவு தவறோ, எழுத்துக்கூட்டல் ஒத்துப்போவதால் அதே ஆள் என்று சேர்ப்பதும் அவ்வளவு தவறு.

மொர்டெகாய் பென்சில்வேனியாவில் இரும்பு உலைப் பங்கு ஒன்றில் சேர்ந்து, 1725-இல் பங்கை விற்றுவிட்டு, பின்னால் பெர்க்ஸ் கவுன்டியான பகுதியில் குடியமர்ந்தார். அவர் உயிலின் தேதி பிப்ரவரி 22. ஆண்டு 1735-ஆ, 1736-ஆ? இரண்டும்தான். 1752 வரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியையும் 1735/36 என்று இரட்டையாகக் குறிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் உயில் எழுதிய பிறகு ஒருவர் ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார் என்று கணக்குப் போட்டு, இல்லாத இரண்டாவது மொர்டெகாயை உருவாக்கியவர்கள் உண்டு.

அந்த உயில் பென்சில்வேனிய நிலத்தை மொர்டெகாய், தாமஸ் என்ற மகன்களுக்குக் கொடுத்தது. முதல் மனைவியின் மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். மனைவி வயிற்றில் இருந்த குழந்தைக்கும் ஏற்பாடு இருந்தது. தந்தை இறந்த பிறகு பிறந்த அந்தக் குழந்தைதான் இரண்டாவது ஆபிரகாம் (1736–1806). உயிலில் 'ஆபிரகாம்' என்ற பெயரைத் தேடுபவருக்கு அவர் கிடைக்கவே மாட்டார்.

1748-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்டியில் வசிக்கும் ஜான் லிங்கன், மொர்டெகாயின் மகனும் வாரிசுமாக, நியூ ஜெர்சியிலுள்ள 300 ஏக்கரை விற்கிறார். தன் முன்னோர்கள் மாசசூசெட்ஸ்காரர்களா என்று லிங்கன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கிரயப் பத்திரத்தில் இருந்தது. பெர்க்ஸில் இறந்த மொர்டெகாயும் மான்மவுத்தில் மணந்த மொர்டெகாயும் ஒருவரே என்பதும், ஜான் அவர் மகன் என்பதும் ஒரே தாளில் கட்டுப்பட்டன. பெயர் ஒற்றுமை அரை நூற்றாண்டாகச் செய்ய முடியாததை நிலம் செய்தது. நம்மூரில் மனை வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்த்து வருவோமே, அதே வேலைதான். வந்த ஏக்கர் எல்லாம் எப்படியாவது போயிருக்க வேண்டும். விற்பனை கிடைக்கவில்லை என்றால் உயிலாக, பாகப்பிரிவினையாக, நீதிமன்ற ஏலமாக எங்கேயாவது வெளியேறியிருக்கும். போன இடம் தெரியாத துண்டு நிலம் இருக்கும்வரை ஆள் முழுசாகப் பிடிபடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மூன்று ஆபிரகாம்கள்

ஜான் 1768-இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைப் பக்கம் நிலம் வாங்கினார். குடும்ப வழக்கில் 'வர்ஜீனியா ஜான்' என்று பெயர் நின்றுவிட்டது. அவர் மூத்த மகன் ஆபிரகாம் 1744-இல் பிறந்தவர், பின்னாளில் படைத்தலைவர். ஜனாதிபதியின் பாட்டனார் இவரே.

இப்போது சிக்கலைப் பாருங்கள். பெர்க்ஸில் இருக்கும் 1736 ஆபிரகாம், இந்த 1744 ஆபிரகாமுக்கு மாற்றாந்தாய் வழிச் சித்தப்பா. வயது வித்தியாசம் எட்டே ஆண்டு. வம்சம் வரைபவர்கள் பொதுவாகத் தலைமுறைக்கு 25, 30 ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்வதால் இருவரும் சகோதரர்களாக, அல்லது ஒரே ஆளாகத் தோன்றுவார்கள். முதல் ஆபிரகாமும் (1688–1745) பென்சில்வேனியாவிலேயே இறந்தவர்.

பிரிப்பதற்கு உதவியவை மிக எளிய சோதனைகள். மனைவி: பெர்க்ஸ்காரரின் மனைவி ஆன் பூன், புகழ்பெற்ற டேனியல் பூனின் உறவினர். வர்ஜீனியாக்காரரின் மனைவி 1780-ஆம் ஆண்டு நில விற்பனையில் பெர்ஷீபா. இறப்பு: படைத்தலைவர் கென்டக்கியில் கொல்லப்பட்டதை ஆய்வாளர்கள் பொதுவாக 1786 மே மாதத்தில் வைக்கிறார்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்பதற்காக 1787-இல் கூடிய பென்சில்வேனிய மாநாட்டில் உட்கார்ந்த ஆபிரகாம் லிங்கன் அவராக இருக்க முடியாது. இறந்தவர் கையெழுத்துப் போடமாட்டார் என்ற இந்தச் சோதனை அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒன்றாகக் குழைந்த பெயர்களில் பாதிக்கு மேல் இதிலேயே பிரிந்துவிடும்.

மனைவி பெயர் ஏன் பத்திரத்தில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கின் அனுபவ உரிமை ஆயுள்வரை மனைவிக்கு உண்டு. வாங்குபவர் பின்னால் வழக்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அவள் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தனியே விசாரித்து எழுதிக்கொள்வார்கள். வாங்கும்போது அவள் பெயர் வராது. விற்கும்போதுதான் வரும். ஆகவே விற்பனைப் பத்திரங்களை ஒன்றுகூட விடாமல் எடுக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: 1780 பத்திரம் 1780-இல் யார் மனைவி என்பதற்கு மட்டுமே சாட்சி. படைத்தலைவருக்கு மேரி ஷிப்லி என்ற முதல் மனைவி இருந்ததாகப் பழைய வரலாறுகள் எழுதின. அதை இந்தப் பத்திரம் நிரூபிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. மேரியின் பெயரைத் தாங்கிய பத்திரம் ஒன்று தேவை. அப்படி ஒன்று இல்லாததால்தான் அந்தக் கூற்று தள்ளப்பட்டது. உயிலில் வரும் 'என் இப்போதைய மனைவி' என்ற சொல்லையும் முந்தைய மனைவிக்கு ஆதாரமாக எடுக்கக்கூடாது. அது வெறும் சட்ட வாசகம்.

கென்டக்கியில் 1785 மே 7-இல் அளக்கப்பட்ட 400 ஏக்கரின் அளவைக் குறிப்பில் உடைமையாளர் பெயர் 'ஆபிரகாம் லிங்க்ஹார்ன்'. இடம் ஜெஃபர்சன் கவுன்டி, ஃபிளாய்ட் கிளையாற்றின் லாங் ரன் ஓடை. நிலமளக்கும் சங்கிலியைப் பிடித்தவர்கள் அனனியா லிங்கன், ஜோசையா லிங்கன். அளவைக்காரர் காட்டுக்குள் போகும்போது சங்கிலி பிடிக்க வெளியூர் ஆளைக் கூட்டிப்போவதில்லை. பெரும்பாலும் நிலக்காரரின் மகனோ தம்பியோ மைத்துனனோ போவார்கள். பலர் அளவைக் குறிப்பில் ஏக்கர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான்கெல்லை விவரமும் சங்கிலிக்காரர் பெயரும்தான் அதில் பொன் போன்ற பகுதி.

பாட்டனார் கென்டக்கிக்கு வந்து ஓரிரு ஆண்டில் கொல்லப்பட்டார் என்பது ஜனாதிபதி கேட்டு வளர்ந்த கதை. குடும்ப நினைவு இடங்களைச் சரியாகப் பிடித்திருக்கிறது, ஆண்டைச் சுருக்கிவிட்டது. வாய்வழிச் செய்திகளில் அடிக்கடி காணும் தன்மை இது. இங்கே இறந்த ஆண்டு சட்டப்படியும் முக்கியம். அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற விதியை வர்ஜீனியா ஒழித்தது 1787 ஜனவரி 1 முதல். படைத்தலைவர் அதற்கு முன் இறந்ததால் நிலம் மூத்த மகன் மொர்டெகாய்க்குப் போனது. இளையவன் தாமஸுக்கு ஒன்றுமில்லை. தந்தை நிலத்தில் பெயர் வராததால் தாமஸ் அவர் மகனே இல்லை என்று வாதிடுபவர் இந்தத் தேதியைத் தவறவிட்டவர்.

தாமஸ், கவுன்டி எல்லை, தொலைந்த திருமணம்

ஜனாதிபதியின் தந்தை தாமஸ் (1778–1851) தச்சர், ஹார்டின் கவுன்டியில் நிலம் வாங்கியவர். அவர் சித்தப்பா, அதாவது படைத்தலைவரின் தம்பி, இன்னொரு தாமஸ் லிங்கன். ஃபேயெட் கவுன்டியில் எலிசபெத் என்ற மனைவியோடு வாழ்ந்தவர், குடும்பச் சண்டை நீதிமன்றம்வரை போனவர். சித்தப்பாவின் கெட்ட பெயர் அண்ணன் மகன் தலையில் விழுந்தது. கவுன்டி, மனைவி, தொழில் மூன்றையும் வரிசையில் வைத்தால் இருவரும் தனித்தனியே நிற்கிறார்கள்.

1790, 1800 ஆண்டுகளின் கென்டக்கி மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இன்று இல்லை. இருந்தாலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே கிடைத்திருக்கும். வீட்டிலுள்ள எல்லோரையும் பெயரோடு எழுதியது 1850-இலிருந்துதான். அந்த இடைவெளியை ஆண்டுதோறும் எடுத்த வரிப் பட்டியல்கள் நிரப்புகின்றன. ஒரே பெயர் ஓர் ஆண்டு பட்டியலில் இரண்டு முறை வந்தால் இரண்டு ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முறை வந்தால் ஒரே ஆள் என்று மட்டும் சொல்ல முடியாது.

தாமஸ்–நான்சி திருமணப் பதிவை ஹார்டின் கவுன்டியில் தேடித் தேடி ஓய்ந்தார்கள். தம்பதி வாழ்ந்த எலிசபெத்டவுன் அங்கேதான். பதிவு இல்லை என்றதும் திருமணமே நடக்கவில்லை என்று அரசியல் எதிரிகள் கதை கட்டினார்கள். கடைசியில் 1878-இல் அது வாஷிங்டன் கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தில் கிடைத்தது: 1806 ஜூன் 10-இல் எழுதிய உறுதிப்பத்திரம் (திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று பிணை கொடுக்கும் தாள்), ஜூன் 12-இல் ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் நடத்திய திருமணம். மணப்பெண் இருக்கும் கவுன்டியில்தான் உறுதிப்பத்திரம் எழுதுவது வழக்கம். தேடியவர்கள் மாப்பிள்ளை வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

கவுன்டிகளும் அசையாமல் இருந்தவை அல்ல. பெர்க்ஸ் 1752-இல்தான் பிறந்தது. ராக்கிங்ஹாம் 1778-இல் அகஸ்டாவிலிருந்து பிரிந்தது. நெல்சனிலிருந்து 1792-இல் வாஷிங்டன் பிரிந்தது. குடும்பம் வீட்டை விட்டு நகராமலே மூன்று கவுன்டிகளின் பதிவறைகளில் கிடக்கலாம். ராக்கிங்ஹாம் பதிவேடுகளில் ஒரு பகுதி 1864-இல் போர்ப்படையினரால் எரிந்துபோனது. அந்த மாதிரி இடங்களில் தாய்க் கவுன்டியின் பழைய ஏடுகளும் மாநில நில அலுவலகத்தின் மானியப் பதிவுகளுமே கைகொடுக்கும்.

வேலை செய்யும் முறையில் ஒன்றை இங்கே சொல்லிவிடலாம். அந்தப் பெயருள்ள எல்லோரையும், நமக்கு வேண்டாதவர்களையும் சேர்த்தே, ஒரே அட்டவணையில் போட வேண்டும். ஆவணத்துக்கு ஒரு வரிசை. தேதி, அன்றைய கவுன்டி, எழுதப்பட்டபடியே பெயர், தொழில் அல்லது ஒட்டு, மனைவி, ஏக்கரும் ஓடையும், எல்லைக்காரர்கள், சாட்சிகள், கையெழுத்தா கைநாட்டா என்று பத்தி பிரிக்கலாம். பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் எல்லாம் மறுபடி குழையும். ஓடையின் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் ஆட்கள் தாமாகவே பிரியத் தொடங்குவார்கள். யாருக்கும் சேராத வரிசைகளைக் கட்டாயப்படுத்திச் சேர்க்காமல் அப்படியே விடுவதுதான் கடினம்.

இரண்டு நான்சி

இந்த வழக்கில் மிக அதிகமாகத் தவறு நடந்தது தாய்வழியில். 1793-இல் கென்டக்கியின் நெல்சன் கவுன்டியில் ஜோசப் ஹாங்க்ஸ் உயில் எழுதினார். மகன்களுக்குக் குதிரை, மகள்களுக்குக் கிடாரிக் கன்று. மகள் நான்சிக்குப் போன கன்றின் பெயர்கூட உயிலில் இருக்கிறது: பைடி. ஜனாதிபதியின் தாய் நான்சி ஹாங்க்ஸ், இதோ உயிலில் நான்சி ஹாங்க்ஸ், முடிந்தது என்று 1899-இல் ஒரு நூல் முடிவு கட்டியது. பல வரலாறுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆனால் உயிலில் இருக்கும் நான்சி லீவை ஹாலை மணந்தவர். திருமணத்துக்கு முன் 1799-இல் அவருக்குப் பிறந்த மகன்தான், லிங்கனோடு வளர்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸ். அப்படியென்றால் ஜனாதிபதியின் தாய் யார்? உயிலில் பெயரே வராத இன்னொரு மகள் லூசியின் பெண். லூசி ஹென்றி ஸ்பாரோவை மணந்தது 1791-இல், மெர்சர் கவுன்டியில். நான்சி பிறந்தது அதற்கு முன், 1784-இல். மணமாகாத தாயின் குழந்தை தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளும். சித்தியின் பெயரையும் வைத்ததால், சித்தியும் அக்காள் மகளும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரானார்கள். தாய்வழியில் ஒரே முழுப்பெயர் எதிர்ப்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணம் இதுவே.

உயிலில் பெயர் இல்லாதது மகள் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முன்பே பங்கு வாங்கியவர்களும் மனத்தாங்கலில் விலகியவர்களும் விடுபடுவார்கள். லூசி பற்றிய செய்தி லிங்கனிடமிருந்தே வந்ததாக அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டன் பதிவு செய்திருக்கிறார். டென்னிஸ் ஹாங்க்ஸோ, ஜனாதிபதியின் தாயை நான்சி ஸ்பாரோ என்றே அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தன் பிறப்பிலும் அதே மாதிரிச் செய்தி இருக்கும் ஒருவர் இதில் நடுநிலையான சாட்சி அல்ல.

ஷிப்லி என்ற பெயர் இங்கேயும் தலைகாட்டியது. திருமண உறுதிப்பத்திரத்தில் காப்பாளராகக் கையெழுத்திட்ட ரிச்சர்ட் பெரியின் தாய் ஒரு ஷிப்லி. ஆகவே லூசியும் ஷிப்லி வீட்டுப் பெண், ஹாங்க்ஸ் ஒருவரை மணந்து விதவையானவர் என்று ஒரு கட்சி வாதிட்டது. தாய்வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு இதைத் தீர்த்தது. லூசியின் பெண்வழி வாரிசுகளும், ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆனுடைய மற்ற மகள்களின் பெண்வழி வாரிசுகளும் ஒத்துப்போனார்கள். ஷிப்லி பெண்வழி ஒத்துப்போகவில்லை.

அந்தச் சோதனையால் எட்ட முடியாத இடமும் உண்டு. ஆனின் மகளாகப் பிறந்த நான்சிக்கும், ஆனின் மகள் லூசிக்குப் பிறந்த நான்சிக்கும் மைட்டோகாண்ட்ரியம் ஒன்றேதான். சித்தியையும் அக்காள் மகளையும் அது பிரித்துக் காட்டாது. ஜனாதிபதியின் சகோதரி சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்ததால் நான்சி லிங்கனின் பெண்வழியும் அங்கேயே அறுந்துவிட்டது. அந்த இருவரையும் இன்றும் பிரித்து வைத்திருப்பவை மெர்சர் கவுன்டியின் ஒரு திருமணப் பதிவும், லீவை ஹால் என்ற கணவர் பெயரும், பைடி என்ற கிடாரிக் கன்று யாருக்குப் போனது என்று சொல்லும் உயிலும்தான்.